அடைத்துக்கொண்ட மோரியும் ஆப்பச் சோடாவும்

மும்பையில் நம்மில் பலருக்குக் குழாய்த் தண்ணீர் வருவது நாளில் சில மணி நேரமே. அதற்குள் குடம் நிரப்பி, பாத்திரம் துலக்கி, துணி அலசி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும். அந்த நேரத்தில் மோரி அடைத்துக்கொண்டால், அன்றைக்கு வீட்டின் சமாதானம் போயிற்று. தாராவியின் சிறிய அறையிலும் செம்பூரின் அடுக்குமாடியிலும் இது ஒன்றுபோலவே நடக்கிறது. உடனே யாராவது, “ஆப்பச் சோடாவைப் போட்டு அதன்மேல் வினிகரை ஊற்றுங்கள், நுரைத்துக்கொண்டு திறந்துவிடும்” என்பார்கள். அது மெய்தானா என்று சற்றுப் பார்ப்போம்.

நீதிமொழிகள் 25-ஆம் அதிகாரம் 20-ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். துக்கமுள்ளவன் முன்பாகப் பாடுகிறவனுக்கு அங்கே சொல்லப்படும் ஒப்புமைகளில் ஒன்று, வெடியுப்பின்மேல் ஊற்றிய காடி. காடி என்பது வினிகரே. வெடியுப்பு என்று நம் வேதாகமத்தில் இருக்கும் இடத்தில் எபிரெய மூலத்தின் சொல் ‘நெத்தெர்’. அது எகிப்தில் கிடைத்த சோடா வகை. பூர்வகாலத்தார் அதைக்கொண்டு அழுக்குப் போக்கினார்கள். பட்டாசுக்குப் போகும் வெடியுப்பின்மேல் காடியை ஊற்றினால் ஒன்றும் நடவாது. சோடாவின்மேல் ஊற்றினாலோ சீறிப் பொங்கும். பொங்கி அடங்கியபின் சோடாவும் வெளுக்காது, காடியும் புளிக்காது, இரண்டும் வீணாகும்.

நம்முடைய மோரியிலும் நடப்பது இதுவே. காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துவிடுகின்றன. மிஞ்சுவது கரியமில வாயுவும், தண்ணீரும், சோடியம் அசிடேட் என்னும் உப்பும். கொழுப்பைக் கரைக்கும் திறன் அந்த உப்புநீருக்கு இல்லை. நுரையின் அசைவு இலேசான அடைப்பைச் சற்றுத் தளர்த்தக்கூடும். பின்பு ஊற்றுகிற வெந்நீர்தான் வேலையைச் செய்கிறது. பெயர் மாத்திரம் வினிகருக்குப் போகிறது!

அடைப்பது எது? தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகையில் உறையும். ஜனவரி மாத இரவுகளில் அது போத்தலிலேயே கட்டியாவதைக் கண்டிருப்பீர்கள், குழாய்க்குள்ளும் அப்படியே. டால்டாவும் நெய்யும் சாதாரண நாளிலேயே உறையும். அந்தப் பசையின்மேல் தோசைமாவு, சோற்றுக்கஞ்சி, புளிச்சக்கை, தேயிலைத்தூள் எல்லாம் படிகின்றன. சிங்கின் அடியில் உள்ள வளைவிலும், தரையில் உள்ள நானி டிராப்பிலும் முதலில் தங்குகின்றன. அந்த வளைவில் நிற்கும் தண்ணீரே சாக்கடை நாற்றத்தை வீட்டிற்குள் வராமல் தடுக்கிறது. 1775-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளி இத்தகைய வளைவுள்ள கழிப்பறைத் தொட்டிக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதும் வீடு நாறினால், வளைவுத் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும்.

இனி செய்யவேண்டியது. தேங்கி நிற்கும் தண்ணீரை முதலில் மொண்டு எடுத்துவிடுங்கள். சிங்கின் கீழே திருகிக் கழற்றும் கிண்ணம் இருந்தால், அடியில் வாளியை வைத்து அதைக் கழற்றிக் கழுவுங்கள். இதற்கு மிஞ்சின மருந்து இல்லை. கழற்ற முடியாத இடத்தில், ஒரு கைப்பிடி சலவைச் சோடாவை ஒரு சொம்பு வெந்நீரில் கரைத்து ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். ஆப்பச் சோடாவைவிட இது காரம் மிகுந்தது, விலையும் குறைவு. கையுறை அணியுங்கள்; அலுமினியப் பாத்திரத்தில் கரைத்தால் அது கறுத்துப்போகும். பின்பு மரப்பிடி வைத்த ரப்பர் கிண்ணத்தால் அழுத்தி அழுத்தி இழுத்து, பாத்திரம் துலக்கும் சோப்புக் கலந்த வெந்நீரைத் தாராளமாக ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றவேண்டாம், பி.வி.சி. குழாய் இளகி, இணைப்பு விட்டுப்போகும்.

ஒன்றைக் கண்டிப்பாய்ச் சொல்லவேண்டும். “இயற்கைப் பொருள்தானே” என்று, பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றாதிருங்கள். குளோரின் வாயு எழும்பும். ஆசிட் ஊற்றினாலும் அப்படியே, இன்னும் கடுமையாய். ஜன்னல் இல்லாத அறையில் கைக்குழந்தையும் முதியவரும் இருக்கும்போது இது விளையாட்டல்ல. கடையில் விற்கும் காஸ்டிக் சோடாத் தூளைப் போட்டும் திறக்கவில்லையானால், அதன்மேல் வேறெதையும் ஊற்றவேண்டாம். ரப்பர் கிண்ணத்தாலும் அழுத்தவேண்டாம். அது தெறித்தால் கண்ணே போகும். வருகிற பிளம்பரிடமும் போட்டதைச் சொல்லிவிடுங்கள்.

உருகிய எண்ணெய் மறைந்துபோவதில்லை, அப்பால் சென்று மறுபடியும் உறைகிறது. 2017-இல் இலண்டனின் வொயிட்சேப்பலில், தெருவின் அடியில் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் உள்ள கொழுப்புப் பாறையைக் கண்டார்கள். அதை வெட்டி எடுக்க வாரக்கணக்கில் ஆயிற்று. ஆகையால் வாணலியைக் கழுவுமுன் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். நாலாம் மாடியில் ஊற்றிய எண்ணெய்க்குத் தரைத்தளத்துக் குடும்பமே பாடுபடுகிறது.

உங்கள் வீட்டோடு பக்கத்து வீட்டிலும் தண்ணீர் எதிர்த்து வந்தால், அடைப்பு பொதுக்குழாயில் இருக்கிறது. அங்கே சோடாவால் பயனில்லை. சொசைட்டியாரிடம் சொல்லுங்கள், தெருச் சாக்கடையானால் மாநகராட்சியின் 1916 எண்ணுக்கு முறையிடுங்கள். சில நூறு ரூபாய் கொடுத்து ஒருவரைப் பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடைக் குழியிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கிவிடச் சிலர் துணிகிறார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. கட்டடக் கூட்டத்தில் அந்தப் பேச்சு எழுந்தால், இயந்திரம் கொண்டுவரும்படி எழுந்து சொல்லுங்கள்.