கடன் கணக்கும் கணினியும்: அடுத்த உறுதி லெப்டொப்பில் எமக்கு என்ன வேண்டும்?

பூண்டுலோயாவில் கடை நடத்துபவருக்கு ஈரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மழைக்காலத்தில் சீனி மூட்டை கசியும், பிஸ்கட் நமுத்துப் போகும், தீக்குச்சி பற்றாது. இவற்றுக்கெல்லாம் வழி தெரிந்து வைத்திருந்த நான் ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். மேசையில் இருந்த லெப்டொப்பும் ஒரு சரக்குத்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் அது திறக்கவில்லை. யாரும் கீழே போடவில்லை, தேநீர் ஊற்றவில்லை. திருத்துமிடத்தில் உட்பலகையைக் கழற்றிக் காட்டினார்கள். செம்புக் கோடுகளில் பச்சை பூத்திருந்தது. அதற்குள் இருந்தது, தோட்டத்துச் சில்லறைக் கடைகளுக்கு நான் கொடுத்த சரக்கின் ஒன்பது மாதக் கடன் கணக்கு. பற்றுச்சீட்டுக் கட்டைகளை வைத்துப் பெரும்பகுதியைத் திருப்பி எழுதினேன். மீதிக்கு வாங்கியவர்கள் சொன்னதே கணக்கு. என்னிடம் சீட்டே இல்லாத தொகையைத் தாமாக வந்து சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் நேர்மையால் நான் தப்பினேன். ஆனால் வியாபாரத்தை அடுத்தவர் நேர்மையில் மட்டும் நிறுத்தக் கூடாதல்லவா?

அதன் பிறகுதான் முரட்டுப் பாவனைக்கென்றே செய்யப்படும் லெப்டொப்களைப் பற்றி விசாரித்தேன். பெனசோனிக் நிறுவனம் 1996 முதல் ‘டஃப்புக்’ என்ற பெயரில் இவற்றைச் செய்கிறது. 2019இல் வந்த டஃப்புக் 55 இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். 2022இல் வந்த டஃப்புக் 40 மூன்று கிலோவுக்கும் அதிகம். ஆறடி உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும், இரண்டாவது பெட்டரி போட்டால் 36 மணித்தியாலம் வரை ஓடும் என்கிறது நிறுவனம். ஆனால் விலை? வெளியானபோது ஆரம்ப விலையே சுமார் 4,900 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் 14 லட்சத்து 70 ஆயிரம் ரூபா. இராணுவமும் பொலிஸும் வாங்கலாம், எமது கல்லாப்பெட்டி தாங்காது.

விளம்பரத்தில் வரும் இலக்கங்களையும் புரிந்துகொள்ள வேண்டும். ‘ஐ.பி. 53’ என்றால் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 3 என்பது சாரல் தாங்கும் அளவு, 6 என்பது பலமாகப் பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் அளவு. இவை வெளியிலிருந்து விழும் தண்ணீரைப் பற்றியவை. எமது பிரச்சினையோ காற்றிலேயே இருக்கும் ஈரம். அடுத்தது, ‘மில் எஸ்.டி.டி. 810’ என்ற அமெரிக்க இராணுவச் சோதனை முறை. அதில் ஈரப்பதனுக்கும் தனிச் சோதனை உண்டு. ஆனால் எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தெரிவு செய்யலாம். ஆகவே ஒட்டியிருக்கும் முத்திரையைப் பார்த்து மயங்காமல், “ஈரப்பதன் சோதனை செய்தீர்களா?” என்று கேளுங்கள்.

அடுத்த பதிப்பில் என்ன மாற்றம் வேண்டும் என்று என்னைக் கேட்டால், வேகத்தைக் கேட்க மாட்டேன். நாலே நாலு விடயங்கள்தான்.

முதலாவது, உட்பலகை முழுவதற்கும் ஈரம் ஒட்டாத மெல்லிய பூச்சு. இரவில் வேனில் குளிர்ந்து கிடந்த கணினியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால், மூக்குக் கண்ணாடியில் போலவே அதற்குள்ளும் நீர் படியும்.

இரண்டாவது, கையாலேயே கழற்றி மாற்றும் பெட்டரி, வேனில் இருந்தே ஏற்றும் வசதி. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்க முடியுமா? 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிய நாட்களும் கண்முன்னே நிற்கின்றன.

மூன்றாவது, ஹட்டனிலோ கண்டியிலோ கிடைக்கும் உதிரிப்பாகம். திருத்த முடியாத உறுதி என்ன உறுதி?

நாலாவது, இரண்டு கிலோவுக்குள் எடையும் சிறு வியாபாரி எட்டும் விலையும்.

இது பேராசை என்பீர்கள். ஆனால் இதில் பெரும்பகுதி ஏற்கெனவே நடந்திருக்கிறது. ‘பிள்ளைக்கு ஒரு லெப்டொப்’ என்ற திட்டத்தில் 2007இல் வெளிவந்த எக்ஸ்.ஓ. கணினிக்கு மூடிய ரப்பர் விசைப்பலகை இருந்தது. மின்விசிறியும் சுழலும் தட்டும் இல்லை. சுட்டெரிக்கும் வெயிலிலும் திரை தெரியும், மின்சாரம் மிகக் குறைவாகவே குடிக்கும். 100 டொலர் என்ற இலக்கை எட்டாவிட்டாலும் ஏறக்குறைய 200 டொலரில் முடிந்தது. இலங்கையிலும் சில பாடசாலைகளுக்கு வந்தது. ஆகவே உறுதியும் மலிவும் சேராது என்பது உண்மையல்ல.

அதே எக்ஸ்.ஓ. இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. இரண்டு திரையுடன் 75 டொலருக்கு அடுத்த பதிப்பு வரும் என்று 2008இல் அறிவித்தார்கள். அது கைவிடப்பட்டது. வரப்போவதை நம்பி இன்றைய கணக்கைத் திறந்து போட்டு வைக்க முடியாது.

ஆகவே இருப்பதை வைத்துக் காரியம் பாருங்கள். குளிரிலிருந்து வந்த கணினியைப் பையிலேயே ஒரு மணித்தியாலம் விட்டுப் பிறகு திறவுங்கள். மூடிய பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிறு பொதிகளுடன் வையுங்கள். வாரக் கணக்கில் பாவிக்காமல் போடாதீர்கள், ஓடும்போது வரும் சூடே ஈரத்தை விரட்டும். ஒவ்வொரு நாளும் கடையை மூடுமுன் கணக்கை வேறொரு இடத்தில் பிரதி எடுங்கள், அந்தப் பிரதியை அதே மேசையில் வைக்காதீர்கள்.

நான் இப்போது பாவிப்பது சாதாரண லெப்டொப்தான். ஆனால் கடன் கொப்பியைத் திரும்ப வாங்கிவிட்டேன். சம்பள நாளன்று இரண்டையும் ஒப்புப் பார்க்கிறேன். கணினி போனால் வேறொன்று வாங்கலாம், கணக்குப் போனால் முதலும் போகும், நட்பும் போகும்.