வலி நின்னு போச்சு... ரத்தம் என்ன சொல்லுது?

சிவகாசியிலிருந்து பட்டாசு ஆலைக் கணக்குப்பிள்ளை ஒருவர் வந்திருந்தார்.

"அய்யா, ஸ்டென்ட் வெச்சு ரெண்டு வருஷமாச்சு. வலியே இல்ல. இங்கிலீஷ் மாத்திரைய விட்டுட்டு மருதம்பட்டைக் கஷாயம் மட்டும் குடிச்சாப் போதும்ல?"

நாடி பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும், "அண்ணாச்சி, மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க" என்றேன். சித்த வைத்தியர் லேபுக்கு அனுப்புகிறாரே என்று அவருக்கு ஆச்சரியம்!

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாடி பார்க்கப் படித்தவன் நான். ஆனால், இன்னும் பத்து வருடத்தில் இதயம் என்ன ஆகும் என்பதை நாடி மட்டும் சொல்லிவிடாது. கல்லாவில் இன்று பணம் இருக்கலாம்; பேரேட்டைப் புரட்டினால்தானே கடன் தெரியும்? ரத்தம்தான் அந்தப் பேரேடு.

2004-ல் வெளியான, 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சுமார் 53 வயதிலேயே வந்தது; மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னதாக! அதற்குப் பிறகு வாழவேண்டிய காலம் நீளம். அதனால்தான் இந்தக் கணக்கு முக்கியம்.

என்னென்ன பார்க்க வேண்டும்?

* எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு): மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குக் கீழே இருக்கவேண்டும் என்கிறது இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல். ரிப்போர்ட்டில் '100 வரை நார்மல்' என்று அச்சடித்திருப்பது உங்களுக்குப் பொருந்தாது.

* லிப்போபுரோட்டீன்-ஏ: பரம்பரைச் சொத்து. பத்தியத்தால் குறையாது. ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும். 50 மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளுக்கும் பார்த்துவிடுங்கள்.

* எச்.எஸ்.-சி.ஆர்.பி.: ரத்தக்குழாயில் உள்ளுக்குள் புகையும் அழற்சியைக் காட்டும். தொடர்ந்து 2-க்கு மேல் இருந்தால் கவனம் தேவை. சளி, காய்ச்சல் நேரத்தில் பார்க்காதீர்கள், தப்பாகக் காட்டும்.

* என்.டி.-புரோ பி.என்.பி.: இதயத்தின் சுவர் இழுபட்டுத் திணறும்போது ரத்தத்தில் கூடும். மூச்சு வாங்குதல், கால் வீக்கம் இருந்தால் டாக்டர் எழுதித் தருவார்.

* மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு சொல்லும் எச்.பி.ஏ.1.சி.-யும், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் கூடவே வேண்டும். இவை கெட்டால் இதயமும் கெடும்.

ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், பூரிக்கவும் வேண்டாம். எல்லாவற்றையும் சேர்த்து இதய டாக்டர்தான் முடிவு சொல்லவேண்டும்.

நம் கணக்குப்பிள்ளைக்கு எல்.டி.எல். 132! விசாரித்தால், ஏற்கெனவே பாதி நாள் மாத்திரை போடவில்லை. எண்ணெய் பரோட்டா மட்டும் தவறவில்லை. நேரே இதய டாக்டரிடமே திருப்பி அனுப்பினேன்.

கஷாயம், பூண்டு லேகியம் எதுவானாலும் இரண்டு வைத்தியரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இவற்றால் ரத்தக்கசிவு வரக்கூடும்.

வலி இல்லையென்று மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.