ஊர் திரும்பினாலும் உரிமை உண்டு

வெளிநாட்டில் விட்டுவந்த சம்பளப் பாக்கியை இங்கிருந்தே கேட்டு வாங்குவது எப்படி?

ராமநாதபுரம், புதுக்கோட்டை, கடலூர் மாவட்டங்களில் வளைகுடா போகாத ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்தத் தெருக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. கம்பெனி மூன்று மாதச் சம்பளம் தர வேண்டும், சர்வீஸ் பணமும் வரவில்லை, ‘ஊருக்குப் போ, அக்கவுன்ட்டில் போட்டுவிடுகிறோம்’ என்று டிக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் அது. கொரோனா காலத்தில், வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்து வர 2020 மே 7 அன்று வந்தே பாரத் விமானங்கள் பறக்கத் தொடங்கிய பிறகு, இப்படித் திரும்பியவர்கள் ஏராளம். உயிர் பிழைத்து வந்ததே போதும் என்று பலரும் அந்தப் பணத்தைத் தலைமுழுகிவிட்டார்கள்.

தலைமுழுக வேண்டியதில்லை. விசா கேன்சல் ஆனதாலோ நாட்டை விட்டு வந்துவிட்டதாலோ சம்பளம் கேட்கும் உரிமை போய்விடாது. அந்த நாட்டுச் சட்டங்களே அந்தப் பணத்தைத் தொழிலாளிக்கு உரியது என்கின்றன. ஆனால் அங்கே போய் நிற்க ஆள் இல்லை, காட்டக் காகிதம் இல்லை, கெடு தாண்டிப் போகிறது. இந்த மூன்றையும் முன்கூட்டியே கவனித்தவருக்கு வழி இருக்கிறது.

எவ்வளவு வர வேண்டும்?

முதலில் கணக்குத் தெரிய வேண்டும். ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, ஓராண்டாவது வேலை பார்த்தவருக்குக் கிராஜுவிட்டி, அதாவது சர்வீஸ் பணம், உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள். ஒருவருடைய அடிப்படைச் சம்பளம் மாதம் 1,200 திர்ஹாம், சர்வீஸ் ஏழு ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் சம்பளம் 40 திர்ஹாம். முதல் ஐந்து ஆண்டுக்கு 4,200, அடுத்த இரண்டு ஆண்டுக்கு 2,400. ஆக 6,600 திர்ஹாம். சாப்பாடு, தங்குமிடத்துக்கான அலவன்ஸ் இதில் சேராது. வேலை முடிந்த 14 நாளுக்குள் முதலாளி எல்லாப் பாக்கியையும் கொடுத்தாக வேண்டும்.

சவூதியில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், பிறகு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். தானாக ராஜினாமா செய்தவருக்குச் சர்வீஸைப் பொறுத்து இது குறையும். அதனால்தான் அரபியில் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும் முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டும். ‘ராஜினாமா செய்கிறேன்’ என்றோ ‘எல்லாப் பணமும் பெற்றுக்கொண்டேன்’ என்றோ அதில் இருந்தால், பிறகு வழக்காடுவது மலையைக் கெல்லுகிற வேலை.

கெடு ஓடிக்கொண்டிருக்கிறது

ஊருக்கு வந்து வீடு, கடன், பிள்ளைகள் படிப்பு என்று இருக்கும்போதே அங்கே கெடு ஓடிக்கொண்டிருக்கும். சவூதியில் வேலை முடிந்த நாளிலிருந்து 12 மாதம். அமீரகத்தில் ஓராண்டாக இருந்த கெடு, 2024 ஆகஸ்ட் 31 முதல் வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டாக நீண்டிருக்கிறது. சிங்கப்பூரில் வேலையை விட்டவர் சம்பளப் பாக்கிக்கு ஆறு மாதத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். ‘அடுத்த மாதம் போட்டுவிடுகிறோம்’ என்று கம்பெனிக்காரர் போனில் சொல்லும் ஒவ்வொரு மாதமும் இந்தக் கெடுவில்தான் கழிகிறது.

செலவை நினைத்து மலைக்கவும் வேண்டாம். அமீரகத்தில் ஒரு லட்சம் திர்ஹாமுக்கு மேற்படாத தொழிலாளர் வழக்குக்குக் கோர்ட் கட்டணம் கிடையாது. முதல் புகார் மனிதவள அமைச்சகத்துக்குத்தான் போகிறது. 50,000 திர்ஹாமுக்கு உட்பட்ட தகராறில் அமைச்சகமே தீர்ப்புச் சொல்லிவிடலாம். சவூதியிலும் முதலில் சமரசப் பேச்சு, அது முறிந்தால்தான் லேபர் கோர்ட்.

‘பவர்’ யாருக்கு, எப்படி?

ஊரில் இருப்பவருக்காக அங்கே ஒருவர் நிற்க வேண்டும் என்றால் அவருக்குப் பவர் பத்திரம் கொடுக்க வேண்டும். சிக்கலே இங்குதான். இங்கே நோட்டரி முன் எழுதிய பத்திரத்தைத் துபாய் கோர்ட் அப்படியே ஏற்காது. மாநில அரசின் உரிய அலுவலகத்தில் சான்று பெற வேண்டும். பிறகு டெல்லி வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. அதன் பிறகு இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகத்தின் முத்திரை. அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. கடைசியில் உரிமம் பெற்றவர் செய்த அரபி மொழிபெயர்ப்பு. ஒன்று விட்டுப் போனாலும் பத்திரம் திரும்பி வரும்.

1961-ம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இந்த அலைச்சல் குறைவு. ‘அப்போஸ்டில்’ என்ற ஒரே சான்றை வெளியுறவு அமைச்சகம் ஒட்டிக் கொடுத்துவிட்டால் எம்பசி முத்திரை தேவையில்லை. இந்தியாவில் இந்த முறை 2005 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓமன், பஹ்ரைன், சிங்கப்பூர் ஆகியவை இதில் உண்டு. சவூதியிலும் 2022 டிசம்பரில் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. சவூதிப் பத்திரத்துக்குப் பழைய எம்பசி வழியைச் சொல்லிப் பணம் கேட்கும் ஏஜென்ட்டிடம் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

பத்திரத்தில் என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். ‘என் சார்பில் எல்லாம் செய்யலாம்’ என்று பொதுவாக எழுதினால் போதாது. புகார் கொடுக்க, வழக்குத் தொடுக்க, வக்கீல் வைக்க, சமரசம் பேச, மேல்முறையீடு செய்ய என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். பணம் வாங்கும் அதிகாரத்தைக் கொடுப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். பணம் என் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்று எழுதிவிடுவது பாதுகாப்பு.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் பெயர். ஆதாரில் ‘சு. முருகன்’, பாஸ்போர்ட்டில் ‘முருகன் சுப்பையா’, அங்குள்ள அடையாள அட்டையில் அரபி உச்சரிப்பில் வேறொன்று. கோர்ட் குமாஸ்தாவின் கண்ணுக்கு இவர்கள் மூன்று பேர். பவர் பத்திரத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துப் பெயரை எழுதி, பாஸ்போர்ட் எண்ணையும் அங்குள்ள அடையாள அட்டை எண்ணையும் சேர்க்க வேண்டும்.

வேலை பார்த்தவர் அங்கேயே இறந்துவிட்டால் இந்தப் பெயர்ச் சிக்கல் குடும்பத்தின் தலையில் விழுகிறது. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் இனிஷியல்தான் இருக்கும். இறப்புச் சான்றிதழில் பாஸ்போர்ட் பெயர் இருக்கும். சான்றிதழுக்கு மனுக் கொடுக்கும்போதே பாஸ்போர்ட் நகலை வைத்து, அந்தப் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்டுவிட்டால் பின்னால் மாதக்கணக்கில் அலைய வேண்டியிராது.

விமானம் ஏறுமுன்

இவ்வளவு தூரம் அலைவதைவிட, அங்கே இருக்கும்போதே புகாரைப் பதிவு செய்து, நம்பிக்கையான ஒருவருக்கு அந்த நாட்டு நோட்டரி மூலமே பவர் கொடுத்துவிட்டு வருவது பன்மடங்கு எளிது. இக்காமா என்னும் குடியிருப்பு அனுமதி அட்டை செல்லுபடியாகும்போது, ஓடிபி வரும் சிம் கார்டு கையில் இருக்கும்போது, பல வேலைகள் போனிலேயே முடியும். வேலை ஒப்பந்தம், சம்பளம் ஏறிய வங்கி ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, விசா கேன்சல் தாள், கம்பெனி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டாருக்கு அனுப்பிவிட வேண்டும்.

உதவிக்கு ஆள் இல்லாமலும் இல்லை. இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. வசதியில்லாதவர்களின் சட்ட உதவிக்கும் அதிலிருந்து செலவிடலாம். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் ஊரிலிருந்தே புகார் பதியலாம். எமிகிரேஷன் கிளியரன்ஸ் பெற்றுப் போனவர்களுக்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில், விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் தவிர, வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கு 45,000 ரூபாய் வரை உண்டு. இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான். விசிட் விசாவில் போய் வேலைக்குச் சேர்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகிறது.

ஆனால் எல்லாச் சுமையையும் தொழிலாளி மீதே ஏற்றுவது நியாயமாகாது. பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவரை ஐந்து முத்திரைக்கு அலையச் சொல்லிவிட்டு, அவர் ஏன் வழக்குப் போடவில்லை என்று கேட்க முடியாது. புறப்படுமுன் நடக்கும் ஒருநாள் பயிற்சியில் பவர் பத்திரம் பற்றியும் கெடு பற்றியும் தமிழில் சொல்லித் தர வேண்டும். தமிழும் அரபியும் பக்கம் பக்கமாக அச்சிட்ட மாதிரிப் பத்திரத்தை அயலகத் தமிழர் நலத்துறை மாவட்டந்தோறும் கொடுக்கலாம். மாநிலச் சான்றையும் வெளியுறவு அமைச்சகச் சான்றையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் முடித்துக் கொடுக்க அரசால் முடியும். ஊர் திரும்பியவர் வீடியோவில் சாட்சி சொல்லும் உரிமையை, நாடுகளுக்கு இடையிலான தொழிலாளர் ஒப்பந்தங்களில் டெல்லி கேட்டு வாங்க வேண்டும்.

வெளிநாடு போனவர்கள் அனுப்பிய பணத்தில்தான் இங்கே பல குடும்பங்கள் நிமிர்ந்தன. அவர்களுக்கு வர வேண்டிய கடைசிச் சம்பளத்தை வாங்கித் தருவது அரசின் கடமை. அதைக் கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.