மைதானங்களும் மனிதர்களும் – 14: சட்டைக் கழுத்தில் நாலு எழுத்து

எங்கள் தெமோதரை ஸ்டேஷனுக்கு ஒரு கதை உண்டு. மலையில் இருந்து கோச்சியை எப்படிக் கீழே இறக்குவது என்று தெரியாமல் இன்ஜினியர் விமலசுரேந்திர திண்டாடி நின்றாராம். பக்கத்தில் ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். துணி ஒரு சுற்றுச் சுற்றித் தன் அடியிலேயே நுழைவதைப் பார்த்ததும் இன்ஜினியருக்கு வழி பிடிபட்டுவிட்டது. கதை நிஜமோ இல்லையோ, 1924இல் பதுளை வரை ஓடத் தொடங்கிய பாதையில் கோச்சி இன்றைக்கும் எங்கள் ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டு, மலையை ஒரு வளையம் போட்டு, அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்தில் புகுந்துதான் பதுளைக்கு இறங்குகிறது. அந்தக் கங்காணியின் பெயரை மட்டும் கதை சொல்பவர்கள் யாரும் சொல்வதில்லை.

போன டிசம்பரில் அக்காவின் மகன் சிட்னியில் இருந்து வந்திருந்தான். தாத்தாவுக்கென்று ஒரு சட்டை கொண்டுவந்தான். கையில்லாத சட்டை, சிவப்பும் வெள்ளையும். தெமோதரைக் குளிருக்குக் கையில்லாச் சட்டையா என்று அம்மா முணுமுணுத்தாள். அப்பா அதை ஸ்வெட்டருக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். முன்பக்கம் பாய்மரம் மாதிரிச் சில வளைவுகள். சிட்னி ஒபெரா ஹவுஸாம்.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டோரில் வேலை பார்த்தவர். தேயிலைப் பெட்டியில் அச்சுத் தகட்டை வைத்து மை தடவித் தடவியே இங்கிலீஷ் எழுத்துப் படித்தவர். எங்கே எழுத்தைக் கண்டாலும் விடமாட்டார். கழற்றும்போது சட்டையின் பின்கழுத்தில், பிடரி படுகிற இடத்தில், பொடிசாக நாலு எழுத்து இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். எஸ், எம், எஃப், சி.

“எஸ் சிட்னி. எஃப் சி ஃபுட்போல் கிளப். நடுவுல எம் எதுக்குடா?”

“எஸ் சிட்னி இல்ல தாத்தா. சவுத் மெல்பர்ன்.”

“சிட்னி கிளப்பு சட்டைல மெல்பர்ன் எப்படி வந்துச்சு?”

மருமகனுக்குப் பாதிதான் தெரிந்திருந்தது. மீதியை நான் தேடிப் படித்ததன் விளைவு இந்த வாரக் கட்டுரை.

முதலில் ஆட்டம். நம் மலையகத்தில் ஃபுட்போல் என்றால் காலால் உதைப்பது. துரைமார் கிளப்புகளில் ரக்பி. ஆஸ்திரேலியர்களின் ஃபுட்போல் இரண்டிலும் சேராது. பந்து முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடுவார்கள்; குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்களின் உடம்பு துருப்பிடிக்காமல் இருப்பதற்காகப் பிறந்த ஆட்டம் அது. டோம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் 1858இல் பத்திரிகைக்கு எழுதிய ஒரு கடிதம் தூண்டிவிட்டது. 1859 மே மாதம் மெல்பர்னில் விதிகளை எழுதினார்கள். பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் கையால் எறியக்கூடாது, ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம், அல்லது உதைக்கலாம். இரு முனைகளிலும் நாலு நாலு கம்பம். நடு இரண்டுக்கிடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்துச் சந்தில் போனால் 1. ஆக, கொஞ்சம் தவறினாலும் ஒரு புள்ளி உண்டு. இந்தத் தாராளம் எனக்குப் பிடித்திருக்கிறது.

மெல்பர்ன் நகரில் பேட்டைக்கொரு கிளப் இருந்தது. சவுத் மெல்பர்ன் 1874இல் பிறந்தது. ஆல்பர்ட் பார்க் ஏரிக்கரையில் ‘லேக் ஓவல்’ அதன் வீடு. துறைமுகம் பக்கத்தில், சுற்றிலும் கூலிக்காரர்களும் சில்லறைத் தொழிலாளிகளும். 1897இல் விக்டோரிய ஃபுட்போல் லீக் தொடங்கியபோது எட்டுக் கிளப்புகளில் ஒன்று. 1909, 1918 இரண்டு முறை சாம்பியன்.

இந்தக் கிளப்பின் பொற்காலம் ஒரு மளிகைக்கடைக்காரரால் வந்தது. 1930களின் தொடக்கம், உலகம் முழுக்க மந்தம். இங்கே தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் கூலி வெட்டி, ஆட்களைக் கப்பலேற்றிய காலம். அங்கேயும் வேலையில்லை. கிளப் தலைவர் ஆர்ச்சி குரொஃப்ட்ஸுக்கு மளிகைக்கடைகள் வரிசையாக இருந்தன. நல்ல ஆட்டக்காரன் எந்த மாநிலத்தில் இருந்தாலும் ‘வா, என் கடையில் வேலை’ என்று அழைத்தார். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய ஆசை வேறென்ன காட்ட முடியும்? மேற்கு ஆஸ்திரேலியாவில் இருந்தும் மற்ற மாநிலங்களில் இருந்தும் பையன்கள் வந்து கவுன்டரில் சீனி நிறுத்தார்கள், சனிக்கிழமை பந்து உதைத்தார்கள். ‘வெளிநாட்டுப் படை’ என்று ஊர் அவர்களைக் கேலியாக அழைத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் சின்னம் கறுப்பு அன்னம். அதை வைத்து ‘ஸ்வான்ஸ்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. மளிகைக்கடையில் தேயிலை இல்லாமல் இருந்திருக்குமா? ஊவாத் தேயிலையும் ஒரு தட்டில் இருந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

1933இல் சாம்பியன். அடுத்த வருஷம் பொப் பிராட் ஒரே பருவத்தில் 150 கோல் அடித்தார். அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. 1971இல் பீட்டர் ஹட்சன் சமன் செய்ததோடு சரி. 1935 இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிராட் டிராமில் இருந்து இறங்கினார், செங்கல் ஏற்றிய லொறி இடித்தது. அவர் இல்லாமல் ஆடிய அணி கொலிங்வூட்டிடம் தோற்றது. ஒரு லொறி ஒரு ஊரையே அழவைத்த கதைகள் நம்மூரிலும் உண்டு, ஆனால் அவை வேறு மாதிரி.

பிறகு இறக்கம்தான். 1945 இறுதிப் போட்டியில் கார்ல்டனோடு ஆட்டத்தைவிட அடிதடி அதிகம். அதற்கு ‘இரத்தக்குளியல்’ என்றே பெயர். அதிலும் தோல்வி. அதன்பின் 1981 வரை இரண்டே இரண்டு முறை இறுதிச் சுற்றுகளை எட்டிப் பார்த்தார்கள். பொப் ஸ்கில்டன் என்ற குள்ளமான மனிதர் லீகின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை மூன்று தடவை வாங்கினார். சாம்பியன் பதக்கம் ஒரு தடவையும் கிடைக்கவில்லை. கிளப்போ கடனில் மூழ்கியிருந்தது.

லீகுக்குச் சிட்னியில் ஒரு அணி வேண்டியிருந்தது. சிட்னி ரக்பி ஊர். இந்த ஆட்டத்தை அங்கே சீண்டுவாரில்லை. ஞாயிற்றுக்கிழமை சிட்னியில் ஆடினால் மெல்பர்னுக்கு டிவியில் நேரலை காட்டலாம், காசு வரும். கடன்காரக் கிளப்பைத் தூக்கி, கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர் றோட்டுக்கு அப்பால் நடுவதென்று 1981இல் முடிவானது.

பேட்டை கொதித்தது. ‘சவுத்தை சவுத்திலேயே வை’ என்று ஒரு இயக்கம். அங்கத்தவர்கள் கூட்டம் கூட்டி, பழைய நிர்வாகத்தைத் தூக்கி, தங்கள் ஆட்களை உட்காரவைத்தார்கள். ஆனால் பழைய நிர்வாகத்தைத் தூக்க முடிந்தவர்களுக்குச் சம்பளப் பாக்கியைத் தூக்க முடியவில்லை. ஆட்டக்காரர்களே ‘போவோம்’ என்றார்கள். 1982 மார்ச்சில் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் முதல் ஆட்டம். முதல் வருஷம் வீரர்கள் மெல்பர்னிலேயே குடியிருந்து, சொந்த மைதானத்தில் ஆட விமானம் ஏறிப் போனார்கள்!

இந்த இடத்தில் அப்பா கதையை நிறுத்தச் சொன்னார். “அவங்களுக்கு வோட்டு இருந்துச்சா?” என்று கேட்டார்.

இருந்தது. தோற்றாலும் கூட்டம் கூட்டிக் கைதூக்க முடிந்தது. 1964 அக்டோபரில் டெல்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது, 1948 சட்டம் குடியுரிமையைப் பறித்து அடுத்த வருஷம் வோட்டும் போயிருந்த எங்கள் ஆட்களை யாரும் கேட்கவில்லை. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். மூட்டை பிரிப்பது மாதிரிப் பிரித்தார்கள். அம்மாவின் தம்பி, சின்ன மாமா, எழுபதுகளில் தெமோதரை ஸ்டேஷனில்தான் ஏறினார். அந்தக் கோச்சிக்கு மலையகத்தில் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர். தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் கூடலூர் பக்கம் ஒரு தேயிலை மலை. ஒரு கிளப்பையும் ஒரு சனத்தையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் திரும்பிவர விமான டிக்கெட் இருந்தது. ஆனால் அந்த நாலு எழுத்தைப் பார்த்ததில் இருந்து எனக்கு மாமா ஞாபகம்தான்.

சிட்னியிலும் வாழ்க்கை சுலபமாக இல்லை. ஒரு டொக்டர் கிளப்பை வாங்கி, பளபளப்புக் காட்டி, அதுவும் ஓய்ந்தது. 1992, 1993இல் தொடர்ந்து 26 தோல்வி. அந்த 1993இல் செயின்ட் கில்டாவின் தடித்த முன்வரிசைக்காரர் டோனி லொக்கெட்டைக் கேலி செய்ய, யாரோ சிட்னி மைதானத்துக்குள் ஒரு பன்றியை அவிழ்த்துவிட்டார்கள். பன்றி உடம்பில் அவருடைய 4ஆம் இலக்கம். இரண்டு வருஷத்தில் அதே லொக்கெட் ஸ்வான்ஸ் சட்டை போட்டு வந்தார். 1999இல் அதே மைதானத்தில் லீகின் மொத்த கோல் சாதனையை உடைத்தபோது சனம் வேலி தாண்டி ஓடியது. அடாம் கூட்ஸ் என்ற பழங்குடி வீரர் இரண்டு பிரவுன்லோ பதக்கம் வாங்கினார், 2014இல் ‘ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்’ ஆனார். மறுவருஷம் மைதானம் மைதானமாக அவரைக் கூவிக் கூவியே ஆட்டத்தை விட்டு அனுப்பினார்கள். அந்த மண்ணின் மூத்த குடிக்கு அந்த மண்ணில் கிடைத்த மரியாதை அது. லீக் மன்னிப்புக் கேட்க 2019 ஆனது.

2005 இறுதிப் போட்டி மெல்பர்னில், 90,000க்கும் மேல் சனம். ஸ்வான்ஸ் வெஸ்ட் கோஸ்டைவிட நாலே புள்ளி முன்னால். கடைசி நொடியில் எதிரணி உயரத் தூக்கி உதைத்த பந்து, கீழே ஒரு கும்பல் கை நீட்டி நிற்கிறது. பக்கவாட்டில் இருந்து லியோ பாரி பறந்து வந்து எல்லார் தலைக்கும் மேலே அதைப் பிடித்தார். சங்கு ஊதியது. 58க்கு 54. பயிற்சியாளர் போல் ரூஸ் கோப்பையைத் தூக்கி, 72 வருஷம் காத்திருந்தவர்களுக்கு இதோ என்று காட்டினார். 72 வருஷம் என்றால் 1933இல் இருந்து. சிட்னிக்கு அதில் 23தான் சொந்தம். மருமகன் ஃபோனில் அந்த வீடியோவை அப்பா நாலு முறை பார்த்தார்.

லேக் ஓவல் என்ன ஆனது? சும்மா கிடக்கவில்லை. 1990களில் அங்கே புது ஸ்டேடியம் கட்டி, வட்டப் பந்து ஆடுகிற இன்னொரு சவுத் மெல்பர்ன் வந்து உட்கார்ந்தது. அது கிரேக்கத்தில் இருந்து கப்பலேறி வந்தவர்கள் ஊன்றிய கிளப். பழைய படிக்கட்டு மண்டபம் ஒன்று மட்டும் ஓரமாக நிற்கிறது.

சில வருஷங்களுக்கு முன் சின்ன மாமா விசா எடுத்து ஒரு தடவை வந்தார். லயத்து வாசலில் நின்ற பிள்ளை, “அம்மா, இந்தியாக்காரர் வந்திருக்காரு” என்று உள்ளே கத்தினான். கூடலூரில் அவருக்குச் ‘சிலோன்காரர்’ என்று பெயர். அவருடைய பழைய காம்பராவில் இப்போது இருக்கிற குடும்பம் ஸ்டூல் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தது. மாமா குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். கதவுக்குப் பக்கத்தில் அவர் அடித்த ஆணி அப்படியே இருந்தது. அதில் அந்தப் பிள்ளையின் ஸ்கூல் பேக் தொங்கிக்கொண்டிருந்தது.

(அடுத்த இதழில்: பிரிஸ்பனோடு இணைக்கப்பட்ட ஃபிட்ஸ்ராய்)