வேலை கிடைத்தது, சேரும் தேதி கிடைக்கவில்லை

பெங்களூர் அல்சூரில் தாய்மாமன் வீட்டு மாடியறையில் தங்கியிருந்தார் அந்த இளைஞர். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். 2022இல் பி.இ. முடித்தவர். இரவில் கடையடைத்துவிட்டு வரும் மாமா செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "ஏம்ப்பா, லெட்டர் வந்துதா?"

"மெயில்லதான் மாமா வரும். இன்னும் வரலை."

இத்தனைக்கும் அவர் வேலை கிடைக்காதவர் அல்ல. கல்லூரியில் இறுதியாண்டு படித்தபோதே, 2021இல், ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியின் 'ஆஃபர் லெட்டர்' வந்துவிட்டது. ஊரில் இனிப்பும் கொடுத்தாகிவிட்டது.

அந்த லெட்டர் லேசில் வருவதல்ல. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவிகிதம் வேண்டும் என்பது பல கம்பெனிகள் போடும் முதல் வேலி. அரியர் வைத்திருப்போரில் பலர் அங்கேயே கழிக்கப்படுகிறார்கள். அடுத்து கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு: கணக்கு, ஆங்கிலம், புரோகிராம் எழுதுதல். டி.சி.எஸ். நிறுவனம் இதற்கென்றே தேசிய அளவில் ஒரு தகுதித் தேர்வு நடத்துகிறது. சாதாரணச் சம்பளப் பிரிவா, கூடுதல் சம்பளப் பிரிவா என்பதற்கும் அதுவே வழி.

பிறகு இண்டர்வியூ. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். பாடத்தில் கேட்டால் பதில் தெரியும்; 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று ஆங்கிலத்தில் கேட்டால் மனப்பாடம் செய்தது பாதியில் நின்றுவிடும். நம் இளைஞருக்கும் நின்றது. கேட்டவர் நல்லவர், "மெதுவாகச் சொல்லுங்கள்" என்று தண்ணீர் கொடுத்தாராம். கடைசியில், இரவு ஷிப்டுக்குச் சம்மதமா, எந்த ஊரில் போட்டாலும் போவீர்களா என்று கேட்பார்கள். இதற்கு 'மாட்டேன்' என்று சொன்னவரை யாரும் பார்த்ததில்லை.

இவ்வளவையும் தாண்டிக் கைக்கு வரும் லெட்டரில் சம்பளம் உண்டு, நிபந்தனைகள் உண்டு. சேரும் தேதி மட்டும் 'பின்னர் தெரிவிக்கப்படும்.'

2021இல் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஆளெடுத்தன. 2022 இறுதிக்குள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாடிக்கையாளர்கள் கையை இறுக்கிவிட்டார்கள். 2023 பிப்ரவரியில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பெரிய நிறுவனம், ஆண்டுக்கு ஆறரை லட்சம் என்று சொல்லி வைத்திருந்தவர்களிடம், மூன்றரை லட்சத்துக்கு வந்தால் உடனே சேரலாம் என்று கேட்டது. ஏறக்குறைய பாதிச் சம்பளம். வேறு பலருக்கு அந்தக் கேள்விகூட வரவில்லை, காத்திருக்கச் சொன்னார்கள்.

கம்பெனி காத்திருக்கச் சொல்லலாம், பேங்க் காத்திருக்காது. கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஓராண்டு வரையே அவகாசம். இவருக்கு 2023 நடுவில் தவணை தொடங்கிவிட்டது. ஊரில் அப்பாவுக்கு நோட்டீஸ் வந்த அன்று, அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிற்று. வேலையில்லாத காலத்துக்கு அவகாசம் நீட்டிக்கக் கோரி பேங்க்கில் மனுக் கொடுக்கலாம், ஒரு தடவைக்கு ஆறு மாதம்வரை கிடைக்க இடமுண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்தபோது வளையல் போய் மூன்று மாதமாகியிருந்தது. யாரும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

இளைஞர் மாமாவின் பாத்திரக் கடையில் கணக்கெழுதினார். வேறு கம்பெனிக்கு மனுப் போடவும் பயம். இரண்டு வருட இடைவெளிக்குக் காரணம் கேட்பார்களே!

2024இல் மெயில் வந்தது. சேர்ந்தாயிற்று என்று பெருமூச்சு விட முடியாது. முதலில் பயிற்சி, அதில் தேர்வுகள், தேறாவிட்டால் வெளியே. 2025 பிப்ரவரியில் மைசூர்ப் பயிற்சி வளாகம் ஒன்றிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் அப்படி அனுப்பப்பட்டார்கள். மூன்று வாய்ப்புத் தந்தும் தேறவில்லை என்றது நிறுவனம். அவர்களில் பலர் இரண்டு ஆண்டுக்கும் மேலாகக் காத்திருந்து சேர்ந்தவர்கள். விவகாரம் மத்திய தொழிலாளர் அமைச்சகம் வரை போயிற்று.

நம் இளைஞர் இரண்டாவது வாய்ப்பில் தேறிவிட்டார். போஸ்டிங் புனேயில். வளையலும் மீண்டுவிட்டது. அல்சூர் மாடியறையில் இப்போது அவருடைய சித்தி மகன் இருக்கிறார். 2025இல் படிப்பு முடித்தவர். ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது.