சமிக்கித் துணியில் நவராத்திரிப் பாவாடை

(நமது மும்பை நிருபர்)

நவராத்திரி நெருங்கிவிட்டால் மும்பைத் துணிக்கடைகளின் முகமே மாறிவிடும். மங்கள்தாஸ் மார்க்கெட்டிலும் பூலேஷ்வர் சந்துகளிலும் சமிக்கி வைத்த துணிகள் கடை வாசலிலேயே தொங்கும். விளக்கு வெளிச்சத்தில் அவை மினுங்குவதைக் கண்டுவிட்ட பெண் குழந்தையைச் சமாதானம் செய்து அழைத்து வருவது எந்தத் தாய்க்கும் எளிதல்ல.

நம் வீடுகளில் கொலு வைத்துச் சுண்டல் கொடுக்கும் நாட்களும், குஜராத்திகள் வட்டமிட்டுக் கர்பா ஆடும் இரவுகளும் ஒன்றேதான். மாலையில் பட்டுப் பாவாடையுடன் கொலுவுக்கு அழைக்கப் போன பிள்ளை, இருட்டியதும் கர்பா ஆடச் சமிக்கிப் பாவாடை கேட்கிறது. தைத்ததாக வாங்கினால் விலை கட்டுப்படியாவதில்லை. துணி எடுத்துத் தைக்கலாம் என்று இறங்குகிறார்கள். சங்கடம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

ஒன்றேகால் மீட்டர்

தாராவியில் ஒற்றை அறை வீட்டில், கால் மிஷின் ஒன்றை வைத்துத் தைத்துப் பிழைக்கிறார் திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள் ஒருவர். நான் அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண் எட்டு வயது மகளுடன் வந்தார். கையில் ஒன்றேகால் மீட்டர் சமிக்கித் துணி. ஓரத்துக்கென்று முக்கால் மீட்டர் சாட்டின்.

அம்மாள் துணியின்மேல் உள்ளங்கையை மேலும் கீழுமாக ஓட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“ஒன்றேகால்தான் எடுத்தியா?”

“போன வருசப் பாவாடைக்கு நீங்கதானேக்கா ஒன்றேகால் கேட்டீங்க?”

“அது சாதாத் துணி, தாயி. இது சமிக்கில்லா!”

வித்தியாசம் என்ன என்று கேட்டேன். “கையை வச்சுப் பாருங்க, அண்ணாச்சி” என்றார். மேலிருந்து கீழாகத் தடவினால் மீன் செதிலைப்போல வழுவழுவென்று இருந்தது. கீழிருந்து மேலாகத் தடவினால் கையைக் கீறியது. சமிக்கிக்குத் தலை, கால் உண்டு. பாவாடையின் எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒரு துண்டு தலைகீழானாலும் அது மட்டும் வேறு நிறமாகத் தெரியும். ஆடும்போது மேலாடையையும் துப்பட்டாவையும் பிடித்து இழுக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஆறு கலி வைத்த பாவாடை. ஒவ்வொரு கலியும் தையலுக்கு விட்டது உட்பட மேலே 5 அங்குலம், கீழே 16 அங்குலம், உயரம் 22 அங்குலம். துணி அகலம் 44 அங்குலம். சாதாத் துணியானால் ஒரு கலியை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் அடுக்கி, ஒரு வரிசையில் மூன்று வெட்டலாம். இரண்டு வரிசையில் ஆறு கலியும் முடிந்துவிடும். ஒன்றேகால் மீட்டர் போதும். சமிக்கியில் அப்படி அடுக்க முடியாது. வரிசைக்கு இரண்டுதான் விழும். மூன்று வரிசைக்கு 66 அங்குலம், அதாவது ஒன்றே முக்கால் மீட்டர் வேண்டும்.

“இன்னும் அரை மீட்டருக்கு எங்கேக்கா போவேன்?” என்றார் தாய். மகள் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மாளுக்கும் தயக்கம். ஒரு முறை வேறொருவரின் துணியைத் தவறாக வெட்டிவிட்டு, புதுத் துணிக்குக் கைக்காசு கொடுத்தவர் அவர். சமிக்கித் துணியில் வெட்டியது வெட்டியதுதான்.

இரண்டு அங்குலத்தில் கிடைத்த வழி

பழைய செய்தித்தாளில் கலியை வரைந்து, வெட்டி, துணியின்மேல் இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தார். கடைசியில் கலியின் கீழ் அகலத்தை 16-லிருந்து 14 ஆக்கினார். மூன்று பதினாலு 42. ஒரே திசையில் வைத்தும் வரிசைக்கு மூன்று கலி விழுந்தது. இரண்டு வரிசை, 44 அங்குல நீளம். ஒன்றேகால் மீட்டரில் அடங்கிவிட்டது.

ஆனால் பாவாடையின் சுற்று 90 அங்குலத்திலிருந்து 78 ஆகக் குறைந்துவிட்டதே! கர்பாவில் சுழலும்போது குடையாக விரியாவிட்டால் பிள்ளைக்கு ஏமாற்றம். அதற்குச் சாட்டின் கைகொடுத்தது. ஏழரை அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, ஒன்றாக இணைத்து, சுருக்கு வைத்து அந்த 78 அங்குலத்தில் பொருத்தத் தீர்மானித்தார். அடியில் 2 அங்குலம் உள்மடிப்பு. அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்தால் மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். சமிக்கியிலேயே மடிப்பு வைத்தால் தடித்துப்போய்க் காலைக் கீறும். மிச்சச் சாட்டினில் இடுப்புப் பட்டியும் ஆயிற்று.

வேலை இருப்பது ஓரத்தில்

அளவுகளைத் துணியின் உள்பக்கம் சாக்கட்டியால் போட வேண்டும். துணியை இரண்டாக மடித்து வெட்டக் கூடாது. வழுக்கி அளவு மாறிவிடும். பழைய கத்தரிக்கோல் போதும், புதியது மழுங்கிப்போகும். வெட்டும்போது சமிக்கித் துணுக்குகள் தெறிப்பதால், கண்ணாடி போட்டுக்கொண்டார். குழந்தையைத் தள்ளி உட்காரச் சொன்னார்.

தையல் விழும் அரை அங்குல இடத்தில் சமிக்கி இருக்கக் கூடாது. அதன்மேல் தைத்தால் ஊசி ஒடியும், தையல் பல்லிளிக்கும். நூலை அறுத்து எடுக்கவும் கூடாது. இந்தத் துணிகளில் பலவற்றில் சமிக்கி சங்கிலித் தையலில் கோத்திருக்கும். ஓரிடத்தில் அறுந்தால் சரம் சரமாக உதிரும். சிறு கத்தரியால் சமிக்கியின் விளிம்பிலிருந்து நடுத் துளைவரை நறுக்கி, நூலுக்குச் சேதமில்லாமல் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். வெட்டிய ஓரத்தில் அறுந்த நூல் முனைகளை முடிச்சிட வேண்டும்.

ஆறு கலிக்கும் நாலு பக்க ஓரத்தைக் கூட்டினால் 378 அங்குலத்துக்குக் குறையாது. 31 அடிக்கு மேல்! சாதாப் பாவாடைக்கு இந்த வேலையே கிடையாது. “இதுக்குத்தான் ஒன்றரைப் பங்கு கூலி கேக்கேன். மேலுக்கு மினுக்குது, உள்ளுக்குள்ள கண்ணு போகுது” என்றார் அம்மாள்.

தாய் சற்று யோசித்தார். “ராத்திரி வேலை முடிஞ்சு வந்து நானும் கழட்டுறேன்க்கா. கூலியைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க” என்றார். அம்மாள் சம்மதித்தார். இரண்டு இரவு, இருவரும் ஒரே விளக்கடியில் குனிந்திருந்து 31 அடி ஓரத்தையும் முடித்தார்கள்.

பிறகு மிஷின் வேலை. 16-ஆம் நம்பர் ஊசி, சற்று நீளத் தையல். பெடலை வேகமாக மிதிக்காமல், சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். அப்படியும் இரண்டு ஊசி ஒடிந்தது. தையலை ஒட்டித் தெரிந்த வெற்றிடங்களில், வெட்டி மிஞ்சிய துண்டுகளிலிருந்து எடுத்த சமிக்கியைக் கையால் வைத்துத் தைத்தார். உள்ளே பருத்தி லைனிங். பக்கத் தையல் ஒன்றில் மேலே 4 அங்குலம் விட்டு, பட்டியில் நாடா கோத்தார்.

காசுக்குப் பிறந்த பெயர்

சமிக்கிக்கு ஆங்கிலத்தில் சீக்வின் என்று பெயர். வெனிஸ் நகரத்துத் தங்கக் காசின் பெயர் அது. அதற்கு மூலம், நாணய அச்சைக் குறிக்கும் ‘சிக்கா’ என்ற அரபுச் சொல். காசுக்கு மும்பைவாசிகள் சொல்லும் சிக்காவும் அதுவே. 1922-ல் கண்டெடுக்கப்பட்ட எகிப்திய மன்னன் துட்டன்காமன் கல்லறையில் பொன் வட்டுகள் தைத்த ஆடைகள் இருந்தன.

இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். ஆகவே இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் சுருண்டு மங்கிவிடும். உள்பக்கம் திருப்பி, மேலே துணி போட்டு, இளஞ்சூட்டில் தேய்க்கலாம். முறுக்கிப் பிழியாமல் கையால் அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

முதல் நாள் இரவே அந்தப் பிள்ளை பாவாடை கட்டிக்கொண்டு வட்டத்தில் இறங்கிவிட்டாள். சுழன்றபோது சாட்டின் சுருக்கு விரிந்தது. பன்னிரண்டு அங்குலம் குறைந்தது யாருக்கும் தெரியவில்லை.

சமிக்கித் துணி எடுக்க நினைக்கும் தாய்மார்கள் முதலில் தைப்பவரிடம் அளவு கேட்டுவிட்டுக் கடைக்குப் போவது நல்லது. அப்படியே கூலியையும் பேசிவிடுங்கள். சாதாப் பாவாடைக் கூலியைச் சொல்லிப் பேரம் பேசும்முன், அந்த 31 அடி ஓரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.