ஊரின் பருவத்துக்கு ஏற்ற பள்ளி நாள்

பருவங்கள் எத்தனை என்று கேட்டால் நம் மாணவர்களில் பலர் தயங்காமல் நான்கு என்று சொல்வார்கள். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று வரிசையும் சொல்வார்கள். கடையில் வாங்கும் படங்களில் பனி மூடிய வீடும் சிவந்த இலை உதிர்க்கும் மரமும் இருக்கும். நம் பள்ளி வளாகத்து வேப்பமரமோ மாசி, பங்குனியில் இலை உதிர்க்கிறது. நமக்கு அது ஆண்டுத் தேர்வு நெருங்கும் காலம்.

காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். பருவம் என்பது ஒரு பாடத் தலைப்போடு முடிவதில்லை என்பதை வருகைப் பதிவேட்டிலிருந்தே கற்றுக்கொண்டேன். பிள்ளைகள் எப்போது சோர்கிறார்கள், எப்போது விடுப்பு எடுக்கிறார்கள், எப்போது வீட்டுப்பாடம் வராமல் போகிறது என்று மாதவாரியாகப் பார்த்தால் அதில் வெயிலும் மழையும் தெரியும். அவற்றுக்கு ஏற்பப் பள்ளியின் சின்னச் சின்ன வழக்கங்களை மாற்றிக்கொண்டால் பிள்ளைகளின் உடலும் படிப்பும் தப்பிக்கும். அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நம் பருவத்தை அளப்பது எது?

லண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் அதிகம்; டிசம்பர் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. வெளிச்சம் குறையும் அந்த நாட்களில் சிலருக்கு ஏற்படும் மனச்சோர்வை 1984-இல் நார்மன் ரோசன்தாலும் உடன் ஆய்வாளர்களும் விவரித்தார்கள். அதன் பிறகு குளிர்காலத்தில் வெயிலில் நடப்பதும் அதிக நேரம் வெளிச்சத்தில் இருப்பதும் அந்நாடுகளில் வழக்கமான அறிவுரை ஆகிவிட்டன. காஞ்சிபுரத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். நம் பருவத்தை வெப்பத்தாலும் நீராலும்தான் அளக்க வேண்டும்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறு பெரும்பொழுதுகள் நம் இலக்கணத்தில் உண்டு. இந்தப் பகுப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. அதையும் ஊரோடு ஒப்பிட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கார்காலம் ஆவணியும் புரட்டாசியும் என்கிறோம். ஆனால் வடகிழக்குப் பருவமழையை நம்பும் காஞ்சிபுரத்தில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டுகிறது. இளவேனில் என்று மென்மையாகப் பெயர் பெற்ற சித்திரை, வைகாசியில்தான் கத்திரி வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. எந்தப் பட்டியலானாலும் நம் தெருவில் நடப்பதோடு சரிபார்ப்பதே ஆசிரியருக்கான முதல் வேலை.

தறி சொல்லும் காலம்

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் காலையில் நடந்தால் பருவத்தின் கணக்கு கண்ணுக்கே தெரியும். பாவைத் தெருநீளத்துக்கு விரித்துக் கட்டி, இழைகளைச் சீர்செய்து, கஞ்சி தோய்த்து உலர்த்துவார்கள். அதற்கு மழையில்லாத காலைப்பொழுது வேண்டும். சாயமேற்றிய நூல் காயவும் வெயில் வேண்டும். மழை தொடர்ந்தால் இரண்டும் நிற்கும். குழித்தறியில் நெய்பவர் கால் வைக்கும் பள்ளத்தில் ஈரம் ஊறும். ஜக்கார்டு அட்டைகள் ஈரக்காற்றில் ஊதிப்போகும். அதிக வறட்சியான கோடையிலோ இழை அடிக்கடி அறும்.

நெசவாளருக்குக் கூலி சேலைக் கணக்கில். தறி நின்றால் கூலியும் நிற்கும். தீபாவளிக்கு முன் வேலை நெருக்கும் அதே ஐப்பசியில்தான் மழையும் தொடங்குகிறது. 2015 நவம்பர், டிசம்பரில் பெய்த பெருமழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அப்படிப் பெரிய வெள்ளம் வராத ஆண்டிலும் தறிக்குழியில் தண்ணீர் ஊறும் வீடுகள் உண்டு. பல வீடுகளில் தறி நிற்கும் அறைதான் பிள்ளை படிக்கும் அறை, படுக்கும் அறை. ஈரத் தரையில் தூங்கி, வீட்டின் கவலையையும் சுமந்துகொண்டு வரும் பிள்ளையைப் பார்த்து, 'ஏன் இன்று மந்தமாக இருக்கிறாய்?' என்று கேட்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

வெயில் காலத்தில்

உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வையால். வியர்ப்பது மட்டும் போதாது. வியர்வை ஆவியாக வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது எளிதில் ஆவியாகாது. வெப்பமானி ஒரே அளவைக் காட்டினாலும் புழுக்கமான நாள் நம்மை அதிகம் களைப்பாக்குவது இதனால்தான். வறண்ட கோடையில் நன்றாகக் குளிரும் மண்பானை நீர், மழை நாளில் அவ்வளவு குளிராததற்கும் காரணம் இதுவே. ஒரு பானை, ஒரு வெப்பமானி இருந்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே இதை அளந்து பார்த்துவிடுவார்கள்.

பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு வியர்வை குறைவு. விளையாட்டு மும்முரத்தில் தாகத்தையும் கவனிக்க மாட்டார்கள். 2019-இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் 2025-இல் 'வாட்டர் பெல்' நடைமுறைக்கு வந்தது. ஆனால் மணி மட்டும் போதாது. கழிப்பறைக்குப் போகத் தயங்கி, வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் குழந்தைகள் நம் வகுப்புகளில் உண்டு. தண்ணீர் மணிக்குப் பின் சில நிமிடங்கள் கழிப்பறைக்கும் ஒதுக்கி, அதன் தூய்மையைத் தலைமையாசிரியரோ பொறுப்பாசிரியரோ தினமும் பார்த்தால்தான் அந்த மணிக்குப் பயன் உண்டு.

இன்னொன்று: வெப்பத்துக்குப் பழக உடலுக்கு 7 முதல் 14 நாட்கள் வேண்டும். 2023-இலும் 2024-இலும் வெயில் காரணமாகப் பள்ளி திறப்பையே தள்ளிவைக்க வேண்டியிருந்தது. விடுமுறை முடிந்து ஜூனில் வரும் பிள்ளைகளை முதல் வாரமே உச்சி வெயிலில் ஓடவிடக் கூடாது. உடற்கல்வி வேளையைக் காலையின் முதல் வேளைக்கோ மாலையின் கடைசி வேளைக்கோ மாற்றி, இரண்டு வாரங்களில் படிப்படியாக நேரத்தைக் கூட்டலாம். கணக்கு போன்று கூர்ந்த கவனம் வேண்டிய பாடங்களை முற்பகலில் வைத்துக்கொண்டு, உணவுக்குப் பிந்தைய வேளையைச் செயல்பாடுகளுக்கும் வாய்விட்டுப் படிப்பதற்கும் விடலாம்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு என்று ஒரு பிள்ளை சொன்னால் நிழலுக்கு அழைத்துச் சென்று, உடைகளைத் தளர்த்தி, உடலை நனைத்து விசிறி, சிறிது சிறிதாக நீர் கொடுக்க வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கையில் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தட்டை தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல், உடலை நனைத்துக்கொண்டே உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மழைக் காலத்தில்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். நம் பிள்ளைகள் பகலில் இருப்பது பள்ளியில். தேங்கிய நல்ல நீரில் அது முட்டையிடும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாட்கள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டச் சொல்கிறார்கள். கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி வேளையில் பத்து நிமிடம் மாணவர் குழு ஒன்று ஆசிரியரோடு வளாகத்தைச் சுற்றி வந்து, பூந்தொட்டித் தட்டு, உடைந்த வாளி, மொட்டைமாடி என்று பார்த்து எழுதி வைக்கலாம். அதே பட்டியலோடு வீட்டிலும் பார்த்துவரச் சொல்லலாம்.

ஈர வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குப் பள்ளி செய்யக்கூடியவை எளியவை. மழை மாதங்களில் பாடநூல்களையும் குறிப்பேடுகளையும் வகுப்பிலேயே வைத்துவிட்டுப் போக அனுமதிக்கலாம். வீட்டுப்பாடத்தைப் பள்ளி நேரத்திலேயே முடிக்க அரை மணி கொடுக்கலாம். உலர்ந்த சீருடை ஒன்றிரண்டு அலமாரியில் இருக்கட்டும். கடையில் பொருள் வாங்கிச் செய்யும் செயல்திட்டங்களைத் தைக்குத் தள்ளிவைக்கலாம். 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், தறி நிற்கும் நாட்களில் பல வீடுகளுக்குப் பெரிய ஆறுதல். அந்த நாட்களில் பிள்ளை தாமதமாக வந்தாலும் உணவு கிடைத்ததா என்று கேட்டுவிட்டுப் பாடத்துக்குப் போகலாம்.

பனியும் திருவிழாவும்

மார்கழி, தை மாதங்களின் பனிக்காலையில் பிள்ளைகளுக்குத் தாகம் எடுப்பதில்லை. தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பும். தண்ணீர் மணி அப்போதும் தேவை. மாசி, பங்குனியில் அம்மை பரவும். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றும். எல்லாக் கொப்புளங்களும் பொருக்குக் கட்டும்வரை தொற்றிக்கொண்டிருக்கும். வேப்பிலை கட்டி, பிள்ளையைத் தனியே வைத்துக் கவனிக்கும் வீட்டு வழக்கத்தை மதித்தே, மருத்துவரையும் பார்க்கச் சொல்லலாம். அந்தப் பிள்ளையின் விடுப்பைக் குறையாகப் பேசாமல், திரும்பி வரும்போது விட்டுப்போன பாடத்தை யார் சொல்லித்தருவது என்று முன்பே ஏற்பாடு செய்துவிடுவது நல்லது.

காஞ்சிபுரம் கோயில் நகரம். பங்குனியில் ஏகாம்பரநாதர் கோயில் பெருவிழா, வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் கருடசேவை என்று பிள்ளைகள் விழித்திருக்கும் இரவுகள் உண்டு. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. திருவிழாவைத் தடுக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் வகுப்புத் தேர்வு வைக்காமல் இருந்தாலே போதும். ஆண்டின் தொடக்கத்தில் கோயில் விழாக்களையும் தேர்வு நாட்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது நமக்கு ஒரு மணி நேர வேலை.

மாணவர் கையில் ஒரு பருவப் பதிவேடு

இவற்றையெல்லாம் ஆசிரியர் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. என் வகுப்பில் ஒரு பெரிய குறிப்பேடு உண்டு. தமிழ் மாதம், வெப்பநிலை, மழை, வேப்பமரத்தின் நிலை, வராதவர் எண்ணிக்கை, வீட்டில் இட்லி மாவு புளிக்க எடுத்த நேரம் ஆகியவற்றைப் பிள்ளைகள் முறைவைத்து எழுதுகிறார்கள். சித்திரையில் சீக்கிரம் பொங்கும் மாவு மார்கழியில் ஏன் தாமதிக்கிறது என்ற கேள்வியிலிருந்து நுண்ணுயிரிப் பாடம் தானாகப் பிறக்கிறது. மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து மந்தாரை இலையில் வேகும் காஞ்சிபுரம் இட்லியைப் பற்றிக் கேட்டால் பாட்டிமார்கள் கைப்பக்குவம் முழுவதையும் சொல்லி அனுப்புகிறார்கள். தறி எத்தனை நாள் நின்றது என்பதை மட்டும் நான் பொதுவில் எழுதச் சொல்வதில்லை. அது ஒரு வீட்டின் வறுமையை வகுப்புக்குக் காட்டிவிடும். தனியே சொல்ல விரும்பும் பிள்ளை என்னிடம் சொல்லும்.

பதிவேடு ஓராண்டு நிறைந்தால் கணக்கு ஆசிரியருக்கு வரைபடமும், தமிழாசிரியருக்குப் பொழுதுகளும், சமூக அறிவியல் ஆசிரியருக்குப் பருவக்காற்றும் அதிலேயே கிடைக்கும். அடுத்த ஆண்டின் கால அட்டவணையை வரையும்போது நமக்கும் அது வழிகாட்டும். நெசவு ஊருக்கு மட்டும் உரியதல்ல இது. மீன்பிடித் தடைக்காலம் உள்ள கடற்கரைப் பள்ளிக்கும், அறுவடை நாட்கள் உள்ள டெல்டாப் பள்ளிக்கும், செங்கல் சூளைக்குக் குடும்பங்கள் இடம்பெயரும் சிற்றூர்ப் பள்ளிக்கும் தத்தம் காலக்கணக்கு உண்டு. வருகைப் பதிவேட்டை மாதவாரியாக ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எந்த மாதத்தில் எந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே இடைவெளி விழுகிறது என்று தெரிந்தால், எந்த வழக்கத்தை மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.